புகார் ஏதும் இல்லை

வெண்டல் அடுப்பின் மேல் நடந்து வந்தான். கையில் காபிக் கோப்பையோடு நேராக அடுப்பை மிதித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் ஒரு காலை வைத்து, அந்தப் பக்கமாக வெளியேறிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான். "என் அடுப்பு! என் அடுப்பு!" என்று அவன் மனைவி மோமி கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தான். தரை முழுக்க நீல டேப். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு, நல்ல உடுப்பைக்கூட மாற்றாமல், மோமி முழங்காலிட்டுத் தவழ்ந்து தவழ்ந்து ஒட்டியது. இது ஆறு பர்னர் அடுப்பு. இது பெரிய பானை முழுசாக முங்குகிற தொட்டி. இதோ நடுவில், நாலு பக்கமும் சுற்றி வரக்கூடிய மேடை. மூன்று நாளாக அவள் பழைய அடுப்பில் சமைத்தாலும் புதிய சமையலறையில்தான் நடமாடிக்கொண்டிருந்தாள். சூடான சட்டியைத் தூக்கினால் இல்லாத மேடையைச் சுற்றித்தான் மேசைக்கு வந்தாள். அறுபத்தோரு வயதில் இப்படி ஒரு விளையாட்டு கிடைக்கும் என்று அவளே நினைக்கவில்லை.

தீவூரான ஹீலோவில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவள் அவள். தினமும் நானூறு பிள்ளைகளுக்குச் சோறு. ஆள் உள்ளே நின்று குளிக்கலாம் போன்ற பானைகள், திருப்பினால் உறுமுகிற அடுப்புகள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாலு பர்னரில் இரண்டு மட்டும் எரியும் ஓர் அடுப்பு அவளுக்காகக் காத்திருக்கும். ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகச் சமையலறையை இடித்துக் கட்டுவது என்று எத்தனையோ காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அதற்கு ஒரு தேதியும் வந்துவிட்டது. மகள் புவாவின் பையன் கையோவுக்கு ஆகஸ்டில் ஒரு வயது. முதல் பிறந்தநாள் விருந்து என்றால் இந்த ஊரில் கல்யாணத்தைவிடப் பெரிது. இருநூற்றைம்பது பேர் வருவார்கள். மற்றவர்கள் மண்டபத்துக்காரர்களிடம் சாப்பாட்டைச் சொல்லிவிடுவார்கள். மோமி அப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். இருநூற்றைம்பது இலைப் பொட்டலத்தில் பன்றிக்கறியை வேகவைக்க அவளுக்கு ஆறு பர்னர் வேண்டும். நாலு மாதம் இருந்தது. நினைக்க நினைக்க அவளுக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது.

யார் கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. ஆர்வின் நகாமாதான். ஹீலோவின் இந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குக் கூரையோ குளியலறையோ படிக்கட்டோ போட்டவன். அதைவிட முக்கியம், வெண்டலின் துடுப்புப் படகில் இருபத்தெட்டு வருடமாக ஆறாவது இருக்கையில் உட்கார்ந்து திசை பிடிப்பவன். ஆறு பேர் போகும் படகில் வெண்டலுக்கு மூன்றாவது இருக்கை. வியாழக்கிழமை காலை ஆர்வின் வரைபடத்தோடு வருவதாகவும், அன்றைக்கே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் பேச்சு.

இதற்கு இரண்டு வாரம் முன்பு, ஹோனலூலுவில் இருக்கும் புவா போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். "அம்மா, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ஆளோட லைசென்ஸைப் பாத்துரு. கவர்ன்மெண்ட் வெப்சைட்ல பேரைப் போட்டா போதும். லைசென்ஸ் இருக்கா, யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்களா, எல்லாம் வந்துரும்."

"ஆர்வின் பேரையா?" மோமிக்குக் குரலே உயர்ந்துவிட்டது. "உனக்குப் பல் முளைச்சப்போ அவன் தோள்லதான்டி கடிச்சே. அவனைப் போயி போலீஸ் மாதிரி விசாரிக்கச் சொல்றியா?"

"விசாரிக்கல அம்மா. பாக்குறோம். எல்லாரும் பாக்குறாங்க."

"இங்க யாரும் பாக்குறதில்ல" என்று சொல்லி மோமி போனை வைத்தாள். அது உண்மைதான். இங்கே ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளியில் படித்தான் என்று கேட்பார்கள். அந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் மகள் அனுப்பிய அந்தப் பக்கம் போனில் திறந்தபடியே கிடந்தது. ஆர்வினைத்தானே பார்க்கக் கூடாது, வேறு ஆளைப் பார்த்தால் என்ன? அக்கா வீட்டுக்குக் கூரை போட வந்து, பாதியில் ஏணியைக்கூட எடுக்காமல் காணாமல் போன ஒருவன் இருந்தான். மோமி ஒற்றை விரலால் அவன் பெயரைத் தட்டினாள். மூன்று புகார்கள்! தேதி வாரியாக, வரிசையாக, கல்லில் வெட்டியதுபோல! அவள் போட்ட கூச்சலில் பூரான்தான் கடித்துவிட்டதென்று வெண்டல் ஒரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

அன்றிலிருந்து அவளுக்குப் பித்துப் பிடித்தது. காபி குடிக்கும்போது இரண்டு பிளம்பர், சோறு வேகும்போது ஓர் எலக்ட்ரீஷியன். உரிமம் தேவைப்படும் தொழில் எதுவோ அத்தனையும் அதற்குள் இருந்தது. வீட்டுத் தரகர்கள், மசாஜ் செய்பவர்கள், முடி வெட்டுபவர்கள். முப்பது வருடத்துக்கு முன்னால், தங்கையின் கல்யாணத்துக்கு முந்திய நாள், மோமியின் தலைமுடியைச் சுருட்டுகிறேன் என்று சொல்லிப் பொசுக்கிவிட்ட ஒரு பெண்ணின் பெயரையும் தேடிப் பிடித்தாள். அந்தப் பெண் மீது ஒரு புகாரும் இல்லை. மோமிக்கு அவ்வளவு ஏமாற்றம். பிறகு, நானே கொடுக்கவில்லையே, வேறு யார் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

விஷயம் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு ஏர்லீனுக்குப் போனது. ஏர்லீனுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி. மறுநாளே அவள் இனிப்பு ரொட்டி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, மச்சினனுக்கு வேலி போடப் போகிறவனைப் பார்க்கச் சொன்னாள். அடுத்த நாள் சர்ச்சுத் தோழி ஃபுமியே வந்தாள், தட்டு நிறையத் தேங்காய்ப்பால் மோச்சி, பசைபோல இழுபடும் அரிசிமா இனிப்பு. அதற்கடுத்த நாள் கோழி, வறுத்த மீன், ஒரு கூடை பப்பாளி. வெறுங்கையோடு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லையே. இரண்டு வாரத்தில் மோமியின் குளிர்பெட்டி மூட முடியாத நிலைக்கு வந்தது. பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, டேப் ஒட்டிய பிறகு அதையும் மிதிக்காமல் கவனமாகத் தாண்டி வந்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராகச் சொல்வார்கள். மோமி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு தட்டுவாள். போன் திரையில் வட்டம் சுற்றுகிற நாலு விநாடி யாரும் மூச்சுவிட மாட்டார்கள். கடைத்தெருவில் போகும்போது முகம் தெரியாத சின்னப் பெண்கள்கூட "லைசென்ஸ் ஆன்ட்டி!" என்று கூப்பிட்டுக் கையை ஆட்டினார்கள். அவளும் ராணிபோல ஆட்டினாள்.

வெண்டலுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வாய்விட்டு ஒன்றும் சொல்லாதவன் ஒரே ஒரு தடவை, துடுப்பை எண்ணெய் போட்டுத் துடைத்தபடி சொன்னான். "யாரை வேணா தேடு. ஆர்வினைத் தேடாத."

"தேடலையே."

"படகுல ஆறாம் சீட்டைத் திரும்பிப் பாக்கக் கூடாது மோமி. முன்னாடி பாத்து துடுப்பு போடணும். பின்னாடி இருக்கிறவன் பாத்துக்குவான். திரும்பிப் பாத்தா படகு ஆடிரும்." அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் வெகுநாளாகக் கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் அவன் வெளியே போயிருந்தான். மேசையைச் சுற்றி ஏர்லீன், ஃபுமியே, சர்ச்சிலிருந்து இன்னும் மூன்று பேர். வேலி, கூரை, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் பார்த்து முடித்து மோச்சி தின்றுகொண்டிருந்தபோது ஏர்லீன் விரலை நக்கியபடி கேட்டாள். "சரி, ஆர்வினுக்கு என்ன வந்துச்சு?"

"பாக்கல" என்றாள் மோமி.

"ஊரையே பாத்துட்டே. உன் வீட்டை இடிக்கப் போறவனைப் பாக்கலையா?" ஏர்லீன் கண்ணைச் சிமிட்டினாள். "பயமா இருக்கா?"

பயமில்லை என்று காட்டத்தான் அவள் தட்டினாள். நாலு விநாடி வட்டம் சுற்றியது. அந்த நாலு விநாடியில், ஐயோ, ஏதாவது வந்துவிட்டால் வெண்டல் முகத்தில் எப்படி விழிப்பது, வியாழக்கிழமை ஆர்வின் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வந்தது. பெயர், நகாமா. உரிமம் நடப்பில் உள்ளது. முதலில் வழங்கிய தேதி, முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால். புகார்: ஏதும் இல்லை.

"ஒண்ணுமே இல்ல!" மோமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "முப்பத்தஞ்சு வருஷம்! ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல!" பெண்கள் கைதட்டினார்கள். ஃபுமியேவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு வாரமாக இவ்வளவு சுத்தமான ஒரு பக்கத்தை அவர்கள் பார்த்ததில்லை. மோமி மகிழ்ச்சி தாளாமல் நடு மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

அந்த நேரத்தில்தான் மழை பிடித்தது. ஹீலோவில் மழை ஒரு செய்தியே அல்ல, யாரும் தலை நிமிர்த்தவில்லை. தகரக் கூரை இரைந்தது. கொஞ்ச நேரத்தில் சமையலறையின் பின்மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். சற்றுப் பொறுத்து மறுபடி, டொக்.

"அது என்ன?" என்றாள் ஃபுமியே.

"பக்கெட்டு" என்றாள் மோமி.

"ஒழுகுதா? எப்ப இருந்து?"

பதில் சொல்லப் போன மோமிக்கு அப்போதுதான் உறைத்தது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அந்த மூலையில் துணி துவைக்க ஒரு சிறு அறை சேர்த்துக் கட்டினார்கள். பழைய கூரையும் புதிய கூரையும் சேரும் இடத்தில், கட்டி முடித்த அடுத்த மழைக்கே ஒழுகியது. கட்டியது ஆர்வின்.

"சொல்லலையா அவன்கிட்ட?" என்று ஏர்லீன் மெதுவாகக் கேட்டாள்.

"எப்படிச் சொல்றது? வேலை முடிஞ்ச அன்னிக்கு அவனே மீன் பிடிச்சுட்டு வந்து எல்லாருக்கும் சுட்டுக் குடுத்தான்." மோமி மூலையில் இருந்த பெரிய பெரணிச் செடியைக் காட்டினாள். "அவன் வர்றப்போ பக்கெட்டை எடுத்துட்டு அந்தச் செடியை அங்க வெச்சிருவோம். ஒவ்வொரு தடவையும் உன் கைராசியே ராசி மோமின்னு சொல்லிட்டுப் போவான்."

யாரும் சிரிக்கவில்லை. ஏர்லீன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "என் பாத்ரூம் கதவு சாத்தாது. ஒன்பது வருஷமா. செங்கல்லை முட்டுக் குடுத்துட்டு உக்காருவேன்."

"ஆர்வின் போட்டதா?"

"வேற யாரு?"

ஃபுமியே கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி. அவள் வீட்டுப் பின்படிக்கட்டில் மூன்றாம் படி மற்றதைவிட உயரம். பேரப்பிள்ளைகளுக்குக் கூட எண்ணிக்கொண்டு இறங்கப் பழக்கிவிட்டாள். மற்ற மூவரில் ஒருத்திக்குத் திறக்காத சன்னல், இன்னொருத்திக்கு உருண்டையை வைத்தால் தானாக ஓடும் தரை. மூன்றாமவள் வெகுநேரம் யோசித்து, தன் வீட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். "இன்னும் சரியாத் தேடிப் பாருடி" என்றாள் ஏர்லீன். அவ்வளவுதான், அடக்கி வைத்த சிரிப்பு வெடித்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மூச்சுத் திணறித் திணறி, "ஒரு கம்ப்ளெயின்ட் கூட இல்ல!" என்று யாராவது ஒருத்தி சொல்ல, மறுபடி முதலிலிருந்து. சிரிப்பில் வயிற்றைப் பிடித்தபடியே ஏர்லீன் கிளம்பும்போது வாசலில் நின்று, "வாயைத் திறந்துராத. பாவம், தங்கமான மனுஷன்" என்றாள். அதுவும் உண்மைதான்.

எல்லோரும் போன பிறகு மோமி பக்கெட்டின் அருகில் போய் நின்றாள். நீல டேப்பை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். பக்கெட் இருந்த இடம் ஆறு பர்னர் அடுப்புக்கு இரண்டு சாண் தள்ளி. சமையலறையை நீட்டிக் கட்டினால் புதுக் கூரையும் பழைய கூரையும் சேருகிற இடம் இன்னும் நீளமாகி, நேராக அடுப்பின் மேல் போகும். அவளுக்குச் சிரிப்பு சுத்தமாகப் போய்விட்டது. இந்தச் சமையலறை ஒரு தடவைதான் வரும். இன்னொரு முப்பத்தோரு வருடம் அவளிடம் இல்லை.

போனை எடுத்து, தீவின் அந்தப் பக்கம், கோனாவில் இருக்கும் ஒரு கட்டட வேலைக்காரனுடைய பக்கத்தைத் திறந்தாள். சும்மா பார்த்து வைத்திருந்த பெயர். அவன் மேல் இரண்டு புகார்கள் இருந்தன. இரண்டுக்கும் கீழே, ஆள் திரும்பிப் போய்க் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார் என்று எழுதியிருந்தது. ஒரு புகாரும் இல்லாதவனைவிட இரண்டு புகார் உள்ளவன் மேல் தனக்கு நம்பிக்கை வருகிறதே என்று அவளுக்கு வியப்பாகவும் கூச்சமாகவும் இருந்தது. அவன் போன் எண்ணை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

வெண்டல் வந்ததும் முதலில் நல்ல செய்தியைச் சொன்னாள். "ஆர்வினைத் தேடிட்டேன். கோவப்படாத. ஒரு புகாரும் இல்ல."

கோபப்படத் திறந்த வாய் புன்னகையாக மாறியது. "நான் சொன்னேன்ல."

"நம்ம புகாரும் அதுல இல்ல வெண்டல்" என்றாள்.

அவன் மூலையைப் பார்த்தான். பக்கெட் முக்கால்வாசி நிறைந்திருந்தது. வழக்கம்போல அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிட்டு, அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தான். "சனிக்கிழமை ரேஸ் இருக்கு" என்றான்.

"தெரியும்."

"அவன் இல்லாம படகு போகாது."

"தெரியும். என் அடுப்பும் நனையக் கூடாது. அதுவும் எனக்குத் தெரியும்." அவள் குளிர்பெட்டியில் இருந்த எண்ணைக் காட்டினாள். வெண்டல் அதைப் படித்தான். கோனாக்காரனைக் கூப்பிட்டால் ஆர்வினுக்கு ஒரு நாளில் தெரிந்துவிடும், ஏன் என்று அவன் கேட்கவும் மாட்டான், அடுத்த இருபது வருடம் சிரித்த முகத்தோடு வந்துபோவான். அதை நினைக்கத்தான் அவனுக்கு முடியவில்லை. அவளுக்கும்தான்.

வியாழக்கிழமை விடிந்ததே மழையோடு. மோமியால் பயமா குதூகலமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் புது அடுப்பை முதன்முதலில் பற்றவைத்த அன்றைக்கு இப்படித்தான் இருந்தது. எட்டரைக்கு ஆர்வினின் லாரிச் சத்தம் கேட்டது. வெண்டல் பழகிய கையோடு எழுந்தான். பக்கெட்டை ஓரமாக நகர்த்தினான், பெரணித் தொட்டியை இரண்டு கையாலும் தூக்கினான்.

"வைக்காத" என்றாள் மோமி.

"மோமி..."

"பக்கெட்டை எடுத்த எடத்துல வை. செடியை நீயே வெச்சுக்க." அவள் குரலில் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய ஒரு பழைய அதட்டல் இருந்தது. வெண்டல் காலால் பக்கெட்டைத் திரும்பத் தள்ளினான். செடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைக்குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

ஆர்வின் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தான். அக்குளில் சுருட்டிய வரைபடம், கையில் பன்றிக்கறி வைத்த வெள்ளைப் பணியாரப் பெட்டி. "சூடா இருக்கு, இப்பவே சாப்பிடணும்" என்று ஆரம்பித்தவன் தரையைப் பார்த்தான். "ஏ, என்ன இது? வரைஞ்சே வெச்சுட்டியா!" அவன் முகம் மலர்ந்தது. அப்போது டொக் என்றது.

அவன் பக்கெட்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு வெண்டலின் கையில் இருந்த செடியைப் பார்த்தான். ஒன்றோடொன்றைச் சேர்த்துக் கூட்ட அவனுக்குச் சில நொடிகள் பிடித்தன. பெட்டியை மேசையில் வைத்தான்.

"எப்ப இருந்து?"

"நீ கட்டி முடிச்ச மொத மழையில இருந்து" என்றாள் மோமி. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள், மெதுவாக, சுற்றி வளைத்து, நடுவில் அவனைப் புகழ்ந்து. எல்லாம் மறந்துபோய் இது மட்டும்தான் வந்தது. "ஆர்வின், நீ எங்களுக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி. ஆனா என் அடுப்பு அந்த எடத்துல வருது. அதான் சொல்றேன். பதினொரு வருஷமா சொல்லாதது என் தப்புதான்."

"அந்தச் செடி..."

"அதுக்கு இந்தப் பக்கெட்டுத் தண்ணிதான், வேற தண்ணியே ஊத்தினதில்ல."

ஆர்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். அறுபத்தைந்து வயதுக்காரன், தோள் இன்னும் படகுத் துடுப்பு மாதிரி இருக்கும். அது கொஞ்சம் தொங்கியது. "வேற யாரு வீட்டுல?" என்று கேட்டான். மோமி ஏர்லீன் வீட்டுப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்று, நேராக அங்கேதான் பார்த்தாள். அவன் அதையும் கவனித்தான்.

"டேய்," என்றான் ஆர்வின், வெண்டலிடம். "நீயுமா?"

"ஆறாம் சீட்டைத் திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல" என்று வெண்டல் முனகினான்.

"நீங்க முன்னாடி பாக்குறீங்க. சரி." ஆர்வின் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டான். "நான் பின்னாடி உக்காந்து உங்க முதுகை மட்டும்தானடா பாக்குறேன். இருபத்தெட்டு வருஷமா. உங்க மூஞ்சில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் எழுந்தான். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான், வரைபடத்தை எடுக்கவில்லை, மழைக்கோட்டையும் எடுக்கவில்லை. லாரிக் கதவு திறந்து படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது.

"போயிட்டான்" என்றான் வெண்டல். மோமி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறை போனதா, ஆர்வின் போனானா, எது முதலில் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்கக் கூடாது என்று ஒரு மனம். பதினொரு வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொரு மனம். லாரி கிளம்பும் ஓசைக்காக இருவரும் காத்திருந்தார்கள்.

அதற்குப் பதிலாகச் சுவரில் ஏதோ மோதியது. ஏணி. பிறகு தகரத்தின் மேல் காலடிகள், வழுக்காமல் அளந்து அளந்து வைக்கும் காலடிகள், தலைக்கு மேலே வாசலிலிருந்து மூலை வரைக்கும் போயின. மழை அவன் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எதையோ நெம்பும் சத்தம், ஒரு கெட்ட வார்த்தை, ஆணி தெறித்துக் கூரையில் உருண்டு ஓடும் சத்தம். கூரை இணைப்பில் சட்டென்று ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. அதன் வழியாக ஆர்வினின் ஒற்றைக் கண் தெரிந்தது.

"மோமி! கீழ எந்த எடத்துல விழுதுன்னு கையைக் காட்டு!"

அவள் ஓடினாள். பக்கெட்டின் மேல் கையை நீட்டினாள், முகமெல்லாம் தண்ணீர் தெறித்தது. "இங்க! இன்னும் கொஞ்சம் உன் பக்கம்! இல்ல, இந்தப் பக்கம்! ஆங், அதான்!" அவள் கத்தினாள். சிரிக்கவும் செய்தாள். மேலேயிருந்து அவனும் எதையோ கத்தினான், மழையில் காதில் விழவில்லை. பத்து நிமிடமா அரை மணி நேரமா, அவள் கையை இறக்கவேயில்லை. கடைசியில் வெளிச்சக் கோடு மூடிக்கொண்டது. சுத்தியல் எட்டு அடி அடித்தது. அவள் ஒவ்வொன்றையும் எண்ணினாள்.

ஆர்வின் உள்ளே வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மூலையை நோக்கி நடந்தான். நேராக நடந்தால் நாலே எட்டு. ஆனால் அவன் நீல டேப் தொடங்கும் இடத்தில் நின்றான், ஒரு கணம் பார்த்தான், பிறகு இடப்பக்கமாகத் திரும்பி, இல்லாத மேடையைச் சுற்றி, இல்லாத தொட்டியின் ஓரமாக, அடுப்பின் மேல் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் சட்டை நுனியைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுற்று வழியிலேயே வந்து சேர்ந்தான். மோமி அதைப் பார்த்தாள்.

வெளியே மழை இன்னும் வலுத்தது. தகரம் ஊரையே மறைக்கிற மாதிரி இரைந்தது. பக்கெட்டைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள், வெண்டல் இன்னமும் செடியை அணைத்தபடி. மூன்று தலைகளும் மேலே நிமிர்ந்து, அந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.